தலைவர் வைக்க வேண்டிய பேர்

முனிரத்தினம் ஆம்ப்ளிஃபயரைத் தட்டுகிறார், காதை வைத்துப் பார்க்கிறார், மறுபடியும் தட்டுகிறார். பெருங்களத்தூரில் எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் மைக்செட் அவருடையதுதான். ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசுவார். பேச்சு முழுக்கத் தலைவர். கல்யாணம் எப்போது ஆயிற்று என்று கேட்டால் வருஷம் வராது. "தலைவர் பல்லாவரம் கூட்டத்துக்கு நாலு மணி நேரம் லேட்டா வந்தாரே சார், அந்த வைகாசி" என்பார். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவருக்கு எத்தனை மனு எழுதியிருக்கிறேன்! பக்கத்து வீட்டில் குடியிருப்பதற்கும், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த தண்டனை அது.

அவருக்கு ஒரே பெண். ஆறு வயதாகிறது. பேர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை', ரேஷன் கார்டில் 'பாப்பா'. தலைவர் கையில் பிள்ளையைக் கொடுத்து அவர் வாயால்தான் பேர் வைப்பேன் என்று ஆஸ்பத்திரியிலேயே சபதம் செய்துவிட்டார் மனிதர்.

ஒருமுறை கிட்டத்தட்ட நடந்தும் இருக்கும். தாம்பரம் கூட்டத்தில் கைக்குழந்தையோடு மேடையோரம் வரிசையில் நின்றார். முன்னால் இரண்டே பேர். அந்த நேரம் பார்த்து மைக் வீல் என்று கத்தியது. பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரிடம் ஓடினார். சரிசெய்துவிட்டுத் திரும்பினால் தலைவரின் கார் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிவிட்டது. "தலைவர் பேசறது ஜனத்துக்குக் கேக்க வாணாமா சார்?" என்று என்னையே கேட்கிறார். அவர் மனைவி கங்கையம்மாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நானாக இருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன்.

அப்புறம் கட்சி உடைந்தது. தலைவர் ஒரு பக்கம், அவருக்கு வலது கையாக இருந்தவர் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் தாங்கள்தான் கட்சி என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இவர்தான் மைக்செட். சரி, யாரிடமாவது கொண்டுபோய்ப் பேர் வைத்துத் தொலையுங்கள் என்றேன்.

"அது எப்டி சார்? எலக்சன் கமிஷன்ல சின்னத்தையே முடக்கி வெச்சிக்கீறாங்க. யாரு ஒரிஜினல்னு கோர்ட்டு சொல்லட்டும். பேரு எங்க ஓடிப் போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் வாயால் வந்தால் அந்தப் பேரில் என்னதான் ஒட்டியிருக்கும் என்று கேட்டேன். ஒயர் சுற்றுவதை நிறுத்தினார்.

"அவரு ஒரு வார்த்த சொன்னா சட்டம் மாறுது. ஜில்லா பேரு மாறுது, பஸ்ஸு பேரு மாறுது. எம்பொண்ணு தலையெழுத்து மட்டும் மாறாதா சார்?"

பேர் மாறிய பஸ் எங்கள் ஸ்டாப்பில் இன்றைக்கும் நிற்காமல்தான் போகிறது. அதைச் சொன்னேன். காதில் விழாத மாதிரி ஸ்பீக்கரைத் துடைத்தார்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கக் கடைசி நாள். முனிரத்தினம் மனைவியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்ப, நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை ஞானஜோதி டீச்சர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷமும் இப்படித்தான் காலியா கொண்டுவந்தீங்க. பேர் இல்லாம ரிஜிஸ்டர்ல ஏத்த முடியாதுங்க. இன்னைக்கு விட்டா அடுத்த ஜூன்தான். அப்போ இவளுக்கு ஏழு வயசு."

"பத்து நாள் டைம் குடுங்க டீச்சர். தீர்ப்பு வந்துரும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? ஜன்னலைப் பார்த்தேன்.

கங்கையம்மாள் விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "காந்திமதின்னு எய்து சார்."

"இன்னாது?" என்றார் முனிரத்தினம்.

"காந்திமதி. ஆறு வருசமா மனசுக்குள்ள நான் அப்டித்தான் கூப்ட்டுகினு கீறேன். உன் தலைவருங்க எம்மாந்நாளு வேணா அடிச்சிக்கட்டும். எம்பொண்ணு படிக்கணும்."

அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. மெதுவாகப் போட்டார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சேர்ல உக்காந்துகினு கீறது நீங்கதான் டீச்சர். ஒரு தபா அந்தப் பேர உங்க வாயால சொல்லிடுங்க" என்றார். கால்கள் மேஜையில் இடிக்க இடிக்க, வெட்கத்தில் நெளிந்த அந்த ஆறு வயதுப் பெண்ணை இரண்டு கைகளாலும் தூக்கி, ஞானஜோதி டீச்சருக்கு முன்னால் நீட்டியபடி நின்றார்.