இனியாவின் முழங்கை

துணை ஆசிரியை வேலைக்கு வருகிறவள் முதலில் கற்றுக்கொள்வது, ஏழு வயதுக் குழந்தைக்காகச் செய்த பெஞ்சில் தன் முழங்காலை எங்கே வைப்பது என்பதைத்தான். விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு அந்த வேலை. படிப்பில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓட முடியாத ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நடக்கிற பாடத்தை அதற்குப் பிடிபடுகிற மாதிரி எடுத்துக்கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. இந்த வேலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தேன். அதே பேச்சை நம்பி இதே வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையிருக்காது.

சீருடை

நான் பார்த்துக்கொண்ட குழந்தையின் பெயர் இனியா. இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம் உள்ள பெண். வாயிலிருந்து ஒன்றிரண்டு சொற்கள்தான் வரும், ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவளுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கனிஷ்கா என்ற வாயாடி.

வகுப்பாசிரியை ஸ்டெல்லா மிஸ் "எல்லாரும் எழுந்திரிங்க" என்றால் இனியா எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக நானும் எழுந்திருப்பேன். "வாயில விரல் வைங்க" என்றால் நானும் வைப்பேன். கனிஷ்கா ஒரு வாரம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரக்கத்தோடு கேட்டாள்: "ஏன் மிஸ், உங்க வூட்ல உங்களுக்கு யூனிபார்ம் எடுத்துத் தரலியா?"

களிமண்

விரல்களுக்குப் பலம் வரக் களிமண் பிசையச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இனியாவின் அம்மா செல்வி மாலையில் கூட்டிப் போக வந்தபோது, அதை ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியங்களில் சொன்னேன். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம், நீங்களும் கூட உட்கார்ந்து, என்று.

செல்வி கேட்டுக்கொண்டு நின்றார். அவர் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறார். அச்சில் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் பொம்மையைப் பிரித்து எடுப்பார். முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் கோபப்படவில்லை. "பகல் பூரா அதுலதான் மிஸ் கெடக்கறேன். வூட்டுக்குப் போயும் களிமண்ணா? சப்பாத்தி மாவு பெசைஞ்சா உங்க புஸ்தகத்துல ஒத்துக்க மாட்டாங்களா?"

மூன்றாம் வகுப்பு

பொங்கல் விடுமுறை முடிந்ததும் தாளாளர் அம்மா என்னையும் செல்வியையும் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த ஆண்டு எல்.கே.ஜி.யில் துணை தேவைப்படுகிற குழந்தைகள் சேர்கிறார்கள், பள்ளியில் இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே மூன்றாம் வகுப்பில் இனியா பக்கத்தில் நான் உட்கார முடியாது. முழுப் பரீட்சைக்கு முன்பு தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். நான் பக்கத்தில் இல்லாமல் இனியா எழுதினால் இங்கேயே படிக்கலாம். இல்லாவிட்டால் கடலூரில் இருக்கும் சிறப்புப் பள்ளிதான்.

அவர் பேச்சில் கடுமை இல்லை, கணக்குத்தான் இருந்தது. செல்வி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போது என்னிடம் சொன்னார்: "கடலூருக்குத் தெனம் யாருங்க இட்டுனு போறது? ஒண்ணு நான் வேலைய வுடணும், இல்ல புள்ளைய ஆஸ்டல்ல வுடணும். அதுக்கு நான் ஊட்டலன்னா சோறே எறங்காதுங்க."

சுவிட்சு

மறுநாளே நான் எழுந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டேன். இனியா பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பலகையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பாட வேளை முடிகிற வரைக்கும் ஓர் எழுத்துகூட விழவில்லை. அடுத்த வேளை பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னையே கவனித்தேன். ஒவ்வொரு வரி தொடங்கும்போதும் அவள் முழங்கையை என் விரல் லேசாகத் தொடுகிறது. தொட்டதும் எழுதுகிறாள். வரி முடிந்ததும் நிறுத்திக் காத்திருக்கிறாள்.

இந்த வேலையில் இருக்கும் உங்கள் விரலையும் ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அது தானாகப் போய்க்கொண்டிருக்கும். ஸ்டெல்லா மிஸ் இதை என்னைவிட முன்னாலேயே பார்த்துவிட்டார் போல. நான் சொன்னதும் திருத்துகிற நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீங்க சுவிட்சு போட்டாத்தான் அந்த ஃபேன் சுத்தும். நான் அப்பவே நெனச்சேன், சொன்னா நீங்க அழுதுடுவீங்கன்னு வுட்டுட்டேன்."

தனி மிஸ்

இடையில் பெற்றோர் கூட்டம் வந்தது. எனக்கு அன்று பொதுவாக வேலை இருக்காது. ஓரமாக நின்று டீ கொண்டுவருகிறவருக்கு வழி விடுவேன். ஒரு பையனின் அப்பா என்னை நோக்கி நேராக வந்தார். நல்லூர்ப் பக்கத்து விவசாயி, அறுவடை நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பதாக முதலில் தெரிவித்தார். இந்த மாதிரிப் பிள்ளையை வகுப்பில் வைத்தால் மற்ற பிள்ளைகள் படிப்பு கெடும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, பதிலை மனத்துக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "அந்தப் பாப்பாவுக்கு மட்டும் பக்கத்துலயே குந்திச் சொல்லித் தரீங்க. நானும் அதே ஃபீஸுதாங்க கட்றேன், எம் பையனுக்கும் ஒரு மிஸ்ஸக் குந்த வெச்சா இன்னா?"

வராந்தா

பின்வாங்குவதை மெதுவாகச் செய்தேன். முதலில் முழங்கையிலிருந்து விரலை எடுத்து மேசையில் தட்டினேன். பிறகு தட்டுவதையும் விட்டேன். அடுத்து ஒரு பெஞ்சு பின்னால், அப்புறம் சுவரோரம், அப்புறம் கதவுக்கு வெளியே. சில நாள் எழுதினாள், சில நாள் எழுதவில்லை. நான் வராந்தாவுக்குப் போன பிறகு, ஆச்சரியமாக, ஒழுங்காகவே எழுதத் தொடங்கினாள். சன்னலிலிருந்து அவள் முதுகுதான் தெரியும். முதுகு குனிந்திருந்தால் எழுதுகிறாள் என்று அர்த்தம். மார்ச் மாத வெயிலில் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குச் சம்பளம் வாங்கினேன்.

துப்புரவு செய்ய வரும் அக்கா என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மிஸ், தெனமும் வெளிய நிக்க வெச்சிடறாங்களே, அப்படி இன்னாதான் தப்புப் பண்ண?"

தாளாளர் அம்மாவின் இடம்

சொன்னபடியே தாளாளர் அம்மா வந்தார். நான் வராந்தாவில். எதிர்ப்பக்கச் சன்னலுக்குப் போனால் இனியாவின் முகம் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தோன்றி, அங்கே போய் நின்றேன். தாளாளர் அம்மா அவளுக்குப் பின் பெஞ்சில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா மிஸ் பலகையில் ஐந்து வாக்கியங்களை எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் குனிந்தார்கள். இனியா குனியவில்லை. பென்சிலைப் பிடித்தபடி பலகையையே பார்த்தாள். உள்ளே போய் அந்த முழங்கையைத் தொட்டுவிடாமல் இருக்கச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது இனியா கனிஷ்காவின் இடது கையை எடுத்தாள். எடுத்துத் தன் முழங்கையில் வைத்தாள். எழுதத் தொடங்கினாள். கனிஷ்கா திரும்பிப் பார்க்கவே இல்லை, வலது கையால் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் முதுகைப் பார்த்துப் பூரித்த நாட்களில் நடந்தது இதுதான் என்று எனக்குப் புரிந்தது. தாளாளர் அம்மா எழுந்து போய் "என்னம்மா இது?" என்றார். கனிஷ்கா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எப்பவும் இப்டித்தான் மேடம். அவளுக்கு நான் தொடணும், எனக்கு அவ பென்சில் சீவித் தரணும்."

தாளாளர் அம்மா இனியா எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். ஐந்து வாக்கியங்களும் முடிந்தன. பிறகு வெளியே வந்து என் அருகில் நின்றார். கடலூர்ப் பள்ளிக்கு எந்த பஸ் போகும் என்று நான் மனத்துக்குள் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "வேணும்ங்கறத யார்கிட்ட கேக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கே, அது போதும். அந்தக் கனிஷ்காவும் மூணாவதுக்குத்தானே போவுது? ரெண்டையும் ஒரே செக்‌ஷன்ல போட்டுடச் சொல்லுங்க."

நல்ல சேதி

அன்று மாலை செல்வி வருவதற்குள் நான் வாசலுக்கே போய்விட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஒத்திகை எதுவும் இல்லாமல், முன்னும் பின்னுமாக, எனக்கு வராத வேகத்தில் சொன்னேன். செல்வி இனியாவின் பையைக் கையில் வாங்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கும்பிடப் போகிறாரோ என்று நான் கூச்சத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, இனியாவையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்: "மிஸ், அந்தப் பொண்ணு ஒருநாள் லீவு போட்டுட்டா இன்னாங்க பண்றது?"

எங்கள் தொழிலில் கவலை தீர்ந்தது என்று யாராவது சொன்னால், அது இந்த வகுப்பில் தேறி அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.