காசியம்மாளை டிரைலரில் போட்ட கதை

காசியம்மாள் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில். என் கொழுந்தனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம். என் மாமியாரின் தங்கை முனியம்மா அங்கே ஏரிக்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸை விட்டு இறங்கிய எங்களை வாங்க என்றுகூடச் சொல்லாமல், "பேரு காசியம்மா. படிப்பு கெடயாது. ஆனா அவ இடுப்புல ஏறுன புள்ள அழுது நான் பாத்ததில்ல" என்றாள். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. தன் மகனுக்குப் பெண்டாட்டி தேடுகிறோமா, பிள்ளை பிடிக்கிறவளைத் தேடுகிறோமா என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பின்னால் ஒருநாள் அந்தச் சொல்லே காசியம்மாள் தலையில் வந்து விழும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவள்தான் எனக்கு ஓரகத்தியாக வந்தாள். மகள் பொன்னி பிறந்து நடக்கிற பருவத்தில் என் கொழுந்தன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அதன்பிறகு காசியம்மாள் நடவுக்குப் போனாள், களை எடுக்கப் போனாள். வயலெல்லாம் கல் நட்டு மனையாகிப் போனதும் அந்த வேலையும் இல்லை. கடைசியில் புதுப்பட்டினத்தில் லதாம்மா வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். லதாம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போகிற குடும்பங்களின் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். முனியம்மா சொன்னது சொன்னதுதான், காசியம்மாள் இடுப்பில் ஏறிய பிள்ளை அழவில்லை. நரசிம்மன் என்ற ஆபீசரின் மகள் ஸ்வாதி, பெற்ற தாய் ஊட்டினால் துப்புவாள், காசியம்மாள் ஊட்டினால் விழுங்குவாள். அப்படி இருந்தது.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, ஒரு மாசி மகத்துக்கு நாங்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடலில் முழுக்குப் போடப் போனோம். என் அண்ணன் மகன் மோசஸ்தான் டிராக்டர் ஓட்டி வந்தான். என் அண்ணன் சர்ச்சுக்குப் போகத் தொடங்கியவன். மகனுக்கும் பைபிளில் இருக்கிற பெயரையே வைத்தான். நீ ஏசப்பா ஆளாச்சே, மாசி மகத்துக்கு எப்படி வரலாம் என்று பெண்கள் சீண்டினால், "நான்தான் ஏசப்பா ஆளு. டிராக்டரு எல்லா சாமிக்கும் பொது" என்பான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் டிரைலர் என்றால் ஒன்றுதான். டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற தொட்டி வண்டி. நெல் மூட்டை ஏறும், செங்கல் ஏறும், திருவிழா என்றால் நாங்கள் ஏறுவோம். வேறு டிரைலர் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

முழுக்குப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் சவுக்குத் தோப்பு ஓரமாக உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். தோப்புக்குள் சினிமாக்காரர்கள் சிலர் இருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவன் மோசஸிடம் வந்து, டிரைலரில் கேமராவை வைத்து மணலில் ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டு என்று கெஞ்சினான். மோசஸும் சரி என்றான். தள்ளி நின்று கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்த காசியம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. வண்டி கிளம்புகிறதே, நம்மை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று பதறிப்போய் ஓடினாள். ஈரப் புடவை மூட்டை ஒரு கையில். இன்னொரு கை நீட்டியபடி. முகத்தில், புருஷன் போனபிறகும் அவள் விடாத மஞ்சள், உப்புத் தண்ணீரில் சிவந்த கண், காற்றில் பறக்கிற தலைமுடி. வாய் முழுக்கத் திறந்து, "டேய் மோசே, நிறுத்துடா" என்று கத்தினாள். நாங்கள் மரத்தடியில் சோற்றை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தொப்பிக்காரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தரம் ஓடுங்கம்மா என்றான். இன்னும் ஒரு தரம் என்றான். அவளும் விளையாட்டாக ஓடினாள். இரண்டு பேர் டிரைலரில் குப்புறப் படுத்துக்கொண்டு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தாழப் பிடித்து, வெயிலை அவள் முகத்தில் கீழேயிருந்து அடித்தார்கள். கண் கூசுகிறது என்று அவள் திட்டினாள். எல்லாம் முடிந்தபிறகு தொப்பிக்காரன் பக்கத்தில் வந்து, "அம்மா, இதை டிரைலர்ல போட்டுக்கலாமா? ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

காசியம்மாள் கையிலிருந்த புடவை மூட்டையைப் பார்த்தாள். "போட்டுக்கோ நைனா. அதுல போடாம பின்ன தலயிலயா தூக்கிகினு போறது?" என்றாள்.

அவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அவர்கள் சிரித்தது ஒன்றுக்கு, நாங்கள் சிரித்தது இன்னொன்றுக்கு.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை காசியம்மாள் லதாம்மா வீட்டு கேட்டைத் திறந்ததும் ஸ்வாதி வீல் என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது. நிதின் என்ற பயல் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். காய்ச்சலோ என்று நினைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்க்க இவள் கிட்டே போகப் போக, பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. லதாம்மா இவளை வெளியே கூட்டிவந்து, "டி.வி.ல ஒரு பேய்ப் படத்து டிரைலர் வருது காசியம்மா. அதுல நீங்க வர்றீங்க" என்றார்.

"டிரைலர்ல நான் இன்னா தெனமாம்மா போறேன்? மாசி மகத்துக்குப் போனதோட சரி" என்றாள் இவள்.

லதாம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். அந்த நரசிம்மனும் வாசலில் நின்றிருந்தார். உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குப் புரிகிறது, குழந்தைக்குப் புரியவில்லையே என்று அவர் சொன்னாராம். தெருவில் திரும்பி வரும்போது சோறு தின்னாத பிள்ளையிடம் ஒரு தாய், 'பிள்ளை பிடிக்கிறவள் வருகிறாள் பார்' என்று இவளைக் கைகாட்டினாளாம். என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "அக்கா, வேல போனா வேற வேல கெடைக்கும். என்ன பாத்து புள்ள அலறிச்சின்னா நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாள்.

அப்படி என்னதான் காட்டுகிறார்கள், பார்த்துவிடுவோம் என்று மோசஸ் எங்கள் இருவரையும் செங்கல்பட்டு தியேட்டருக்கு மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். வேறு ஏதோ படம். அதற்கு முன்னால் அந்த டிரைலர் போட்டார்கள்.

முதலில் ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. எனக்குப் பின்னால் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தவன்கூடக் கடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. உள்ளே என்ன என்று தெரிவதற்குள் மறுபடியும் கறுப்பு. மணலில் ஈரக் காலடி. கறுப்பு. அப்புறம் ஒரு கை. விரல்களை விரித்துக்கொண்டு நம்மைப் பிடிக்க வருகிற மாதிரி, கை மட்டும். காசியம்மாள் என் தோளில் சாய்ந்து, "அக்கா, அது என் வளையலு" என்றாள்.

அதற்குப் பின்தான் முகம் வந்தது. அன்றைக்குக் கால் சுட்ட அந்த மாசி வெயில் எங்கே போனதோ, திரை முழுக்க நீல இருட்டு. கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடி ஒன்றைப் போட்டால் பகல் ராத்திரியாகிவிடும் என்று மோசஸ் காதோடு சொன்னான். கீழேயிருந்து அடித்த வெளிச்சத்தில் கன்னத்து நிழல் மேலே ஏறி, கண் இரண்டும் குழியாகக் கிடந்தன. குழிக்குள் சிவப்பு. காற்றில் மிதக்கிற மாதிரி மெதுவாக ஓடவிட்டார்கள். வாய் திறக்கிறது, சத்தமே வரவில்லை. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டென்று முகம் மட்டும் திரை கொள்ளாமல் எங்கள் மேலே வந்து விழுந்தது. அப்போதுதான் சத்தம், நரி ஊளையும் இரும்பு அறுக்கிறதும் சேர்ந்த மாதிரி ஒன்று. தியேட்டரே அலறியது.

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து கத்தலாம் போலிருந்தது. அவள் ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் பலூன்காரன் நின்றான், கரும்பு ஜூஸ் வண்டி நின்றது, சோற்றுச் சட்டியோடு நாங்கள் இருந்தோம். ஒன்றையும் காட்டவில்லை. 'டேய் மோசே, நிறுத்துடா' என்று அவள் கத்தியதை வாயிலிருந்து பிடுங்கிவிட்டு நரியை வைத்துவிட்டார்கள். டிராக்டரைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் வண்டியைத் தவறவிட்ட பொம்பளை ஓடுகிறாள் என்று கைக்குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அவள் முகத்தில் ஒரு பேயும் இல்லை. முகத்துக்கு முன்னால் அவர்கள் வைத்த கறுப்பில்தான் எல்லாம் இருந்தது.

அந்தச் சினிமாக்காரர்கள் அடுத்த படத்துக்காக அதே தோப்புக்கு வந்திருக்கிறார்கள் என்று மோசஸ் கேள்விப்பட்டு, எங்களை டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனான். தொப்பிக்காரன் இவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். வாங்கம்மா, எங்கள் ஸ்டாரே நீங்கதான் என்று நாற்காலி போட்டான். காசியம்மாள் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"ஏம்மா, கேட்டுட்டுதானே போட்டேன்? 'போட்டுக்கோ'ன்னு நீங்கதானே சொன்னீங்க. இவங்க எல்லாரும் சாட்சி" என்றான்.

"நான் என் பொடவ மூட்டைய சொன்னேன்பா."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை நாங்கள் சிரிக்கவில்லை. அவன் சமாதானமாகப் பேசுகிறேன் என்று, இந்தப் படத்தில் வசனம் பேசுகிற வேஷமே தருகிறேன், உங்கள் முகத்துக்கு மேக்கப்பே தேவையில்லை என்றான். நான் அதற்குமேல் பொறுக்கவில்லை. "உங்காத்தா மூஞ்சில கீழேர்ந்து அட்டய புடிச்சு வெளிச்சம் அடிச்சுப் பாருடா. அதுவும் இப்டிதான் கீம்" என்றேன். மோசஸ் என் கையைப் பிடித்து இழுத்தான்.

காசியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு வேஷம் வாணாம். அந்தப் புள்ளைங்களாண்ட வந்து, டிராக்டர புடிக்கத்தான் இது ஓடிச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

அவன் வானத்தைப் பார்த்தான். "வெளிச்சம் போயிடும்மா. இன்னொரு நாள் பாப்போம்" என்றான். பட்டப்பகலை நடுராத்திரியாக்கி வைத்தவன், வெளிச்சம் போய்விடும் என்கிறான். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

திரும்பி வரும் வழியெல்லாம் காசியம்மாள் டிரைலர் மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கியபோது எழுந்து நின்று மோசஸைச் சத்தமாகக் கூப்பிட்டாள். நாளைக்கு வண்டியை லதாம்மா வீட்டாண்டை கொண்டு வா என்றாள்.

லதாம்மா முதலில் தயங்கினார். புதிதாக வந்த ஆயா கையில் பிள்ளைகள் சரியாகச் சாப்பிடாமல் அவரும் நொந்துபோயிருந்தார், சரி என்றார். டிராக்டர் சவாரி என்றதும் பிள்ளைகள் முட்டி மோதி ஏறின. லதாம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்வாதி என் மடியில். வீட்டுக்குப் பின்னால் காலி மனைகளுக்கு நடுவே மோசஸ் நடக்கிற வேகத்தில் ஓட்டினான்.

அப்போது காசியம்மாள் வேலி ஓரத்திலிருந்து வந்தாள். கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தாள். அதே மஞ்சள், அதே கை. ஸ்வாதி பார்த்தவுடன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. அய்யோ, கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். காசியம்மாள் ஓடி வந்தாள். "டேய் மோசே, நிறுத்துடா. என்ன வுட்டுட்டுப் போறியே, பேமானி."

முதலில் சிரித்தது நிதின். "மோசஸ் மாமா, ஆயாவ விட்டுட்டோம்" என்று கத்தினான். மோசஸ் காது கேட்காதவன்போல ஓட்டினான். மற்றதுகளும் நிறுத்து நிறுத்து என்று தகரத்தைத் தட்டின. ஸ்வாதி மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. புழுதியில் மூச்சிரைக்க ஓடி வருகிறாள், தினம் சோறு ஊட்டிய கை நீண்டு வருகிறது. அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து நழுவி, டிரைலரின் பின்பலகை ஓரம் போய்த் தன் கையை நீட்டியது. "வா ஆயா" என்றது.

காசியம்மாள் தொற்றி ஏறினாள். முழங்காலில் சிராய்ப்பு. ஆயா மறுபடி ஓடு என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. அன்று மத்தியானம் அத்தனையும் அவள் கையால்தான் சாப்பிட்டன.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் நரசிம்மன் வந்தார். மகள் அவள் இடுப்பில் இருப்பதைக் கண்ணால் பார்த்தார். பார்த்தும், மற்ற பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள், அந்தப் படம் ஓடி முடிகிறவரை இந்தம்மா சமையலறையில் மட்டும் இருக்கட்டுமே என்று லதாம்மாவிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். காசியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, விஷயம் தெரிந்துவிட்டது. பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்க பயம் தீந்துடுச்சு சார். பெத்தவங்க பயத்த நான் எந்த டிரைலர்ல ஏத்தி ஓட்டுறது?" என்று கேட்டுவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். லதாம்மா பிறகு நேரில் வந்து கூப்பிட்டும் போகவில்லை. சமையலறையில் ஒளிந்துகொள்ள நான் என்ன செய்தேன் என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

படம் நான்கு நாள்கூட ஓடவில்லை என்றார்கள். ஆனால் டிரைலர் கேபிளில் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் யாராவது ஒரு பயல் அவளைப் பார்த்து ஊளையிடுவான். அந்தத் தொப்பிக்காரன் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பேயை உண்டாக்கிவிட்டுப் போகிறவனுக்கு, அது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று என்ன கவலை?

பொன்னிக்குக் கல்யாணம் ஆகி, மருமகனுக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்ததும் காசியம்மாளும் அவர்களோடு கிளம்பிப் போனாள். இப்போது அவள் ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். காலையில் ரயிலேறி வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள்.