செல்வி அக்கா தேடும் ஆள்

எனக்குப் பிடிக்காத கட்சியின் பெயரைக் கெடுக்க, அந்தக் கட்சிக்காரன் போல ஒரு போலிக் கணக்கு வைத்திருக்கிறேன். நேற்று அதில், எங்கள் கட்சிப் பெண்களை நானே கேவலமாகத் திட்டி எழுதினேன்.

இன்று இலுப்பூர் தையல் கடையில் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கட்சியின் கரை போட்ட சேலையில்தான் வேலைக்கே வருவார்.

“எங்க ஆளு ஒருத்தன் ஒங்க பொம்பளைகளக் கண்டபடி பேசிட்டான்டி. எனக்கே வெக்கமா இருக்கு. மனசுல வச்சுக்காத, தங்கம்.”

பிறகு போனை நீட்டினார்.

“பத்தாவது முடிக்காட்டியும் இதுல நீதான் கெட்டிக்காரி. அந்தப் பய யாருன்னு கண்டுபிடி. ரெண்டு அறை விட்டுட்டு வாரேன்.”

அந்தப் போனிலேயே இந்தப் பதிவை எழுதும் என் சொந்தக் கணக்கில் அவரை நட்பாகச் சேர்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா, கண்டுபிடித்துவிட்டேன். அது நான்தான். நாளைக்குக் கடைக்கு வருகிறேன்.

இரண்டு அறை போதுமா என்று இதைப் படிக்கும் மற்றவர்கள் கீழே சொல்லலாம்.