நூறுவரை எண்ணும் அக்கா

சோதனைச் சீட்டைக் குப்புறக் கவிழ்த்த பிறகுதான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கிறார் அக்கா. "பேரு, வயசு தெரிஞ்சா கண்ணு இரக்கப்பட ஆரம்பிச்சிடும். எனக்கு செல்லு தெரிஞ்சாப் போதும்."

மருத்துவமனை ஆய்வகத்தில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். கண்ணாடி ஸ்லைடில் ஒரு துளி ரத்தம். இன்னொரு ஸ்லைடால் ஒரே இழுப்பு. மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் மெல்லிய படலம் விழும். சாயமேற்றிக் காய்ந்ததும் எண்ணத் தொடங்குவார். இடக்கை விரல்கள் எண்ணும் கருவியைப் பார்க்காமலே தட்டும். வெள்ளையணுவின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். நூறானதும் மணி அடிக்கும். அதுவரை யார் கூப்பிட்டாலும் 'உம்' கூட வராது.

இன்று விரல் ஒரே பொத்தானில் திரும்பத் திரும்ப விழுந்தது. மணி அடித்ததும், பயிற்சிக்கு வந்திருக்கும் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா உருண்டைகள், பெரிது பெரிதாக, விளிம்புவரை உட்கரு நிறைந்து. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"எல்லாம் பிஞ்சு. எலும்பு மஜ்ஜைக்குள்ள இருந்து வளரவேண்டியது, வளராமலே வெளிய வந்து இடத்தை அடைச்சிருக்கு. நூத்துக்கு இருபது இருந்தாலே கடுமையான ரத்தப் புற்றுநோயோன்னு பயப்படணும். இங்க அறுபத்தி நாலு."

என் காதோடு சொன்ன அந்த எண்ணை வெளியே விடாமல், மறுபடி எண்ணச் சொல்லி ஸ்லைடைப் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினார். அவருக்கு வந்தது அறுபத்தாறு.

"ஒரு தடவையாவது தப்பா எண்ணிட்டேன்னு திட்டுங்களேன்க்கா" என்றார் அவர்.

"திட்டத்தான் ஆசை."

சீட்டைத் திருப்பினார். வைரஸ் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. உடனே போனை எடுத்தார். "டாக்டர், இவரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. நூத்துக்கு அறுபதுக்கு மேல பிஞ்சு அணு. மஜ்ஜை எடுத்துப் பார்த்தாத்தான் எந்த வகைன்னு தெரியும்."

வெளியே பெஞ்சில் அந்தச் சீட்டுக்குரியவர், ஒரு பெயின்டர், நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம். "மாத்திரையைக் குடுத்தா கிளம்பிடுவேன்மா. பாதிச் சுவரு அப்படியே நிக்குது."

"டாக்டர் உங்களைப் பார்க்கணும்னாருண்ணே. அதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் ரத்தம் வேணும்."

வழக்கமாக ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, "நீங்களே அழுத்திக்குங்க" என்று அடுத்தவரிடம் போய்விடுவார். இவருக்கோ ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊசியை எடுத்ததும் அக்காவே பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கம்மா, நானே பிடிச்சுக்கறேன். எறும்புக்கடி அளவு ஓட்டைக்கு இவ்வளவு நேரமா?"

"எனக்கு வேற வேலை இல்லண்ணே."

உள்ளே போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்காவின் கட்டைவிரல் பஞ்சின் மேலேயே இருந்தது.