சலோமி மாற்றிச் சொன்னது

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் இல்லம் ஒன்று இருந்தது. சலோமி அங்கே ஆயாவாகச் சேர்ந்தது 1971இல். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் பேன் பார்ப்பதும் சோறு போடுவதும்தான் வேலை. ஆனால் அவளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று மூன்றாம் மாதமே வெளியில் வந்துவிட்டது. புருஷன் இஞ்ஞாசி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவன். அவனோடு பிரான்ஸின் துலோன் துறைமுகத்தில் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தி, ரொட்டிக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பேசியே படிந்த பிரெஞ்சு அது. பிறந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. இஞ்ஞாசியும் கண்ணை மூடியபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பியவள்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் பிரான்ஸிலுள்ள ஒரு தேவாலயப் பங்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வருவார்கள். மூன்று வாரம் தங்குவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நல்ல பிள்ளைகள்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பேசுவதைத் தமிழிலும், பிள்ளைகள் பேசுவதைப் பிரெஞ்சிலும் சொல்ல சலோமி வேண்டும். ‘மதாம் சலோமி’ என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள்.

அவர்கள் வேன் ஏறிப்போன மறுநாள் பிள்ளைகளில் பாதிக்கு உடம்பு சுடும். பெரிய பிள்ளைகள்கூடப் பாயை நனைக்கும். ஆயாக்கள் அதற்கு ‘வேன் காய்ச்சல்’ என்றே பேர் வைத்திருந்தார்கள்.

1974இல் வந்த குழுவில் மர்த்தீன் என்று ஒருத்தி. இருபது வயசு. ஏழு வயதுச் சிறுமி அற்புதத்தை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள். தன் கையால் தலைவாரி, தன் ரிப்பனையே கட்டிவிட்டாள். கிளம்பும் அன்று குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அடுத்த ஆகஸ்டில் வருவேன். உனக்காகவே வருவேன் என்று சொல்லுங்கள், மதாம்” என்றாள். கண்ணில் தண்ணீர். பொய் சொல்கிறவள் முகம் இல்லை அது. சலோமி ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

அடுத்த ஆகஸ்டில் வேன் வந்து நின்றபோது அற்புதம் வாசலிலேயே நின்றாள். இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கியபின் உள்ளே ஏறி சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

“அக்கா வரலியா சலோமியம்மா?”

“அடுத்த வண்டியில வருவாங்கடி” என்று சொல்லிவிட்டாள் சலோமி. வாயில் வந்தது அதுதான்.

அடுத்த வண்டிக்காகக் குழந்தை இரண்டு மாதம் வாசலில் காத்துக்கிடந்தது. சோற்றைப் பிசைந்தபடி இருக்கும், வாய்க்குப் போகாது. ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் வந்தபோது அந்த உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஊற்றெடுத்த தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்துத்தான் அடக்கம் செய்தார்கள். டாக்டர் காய்ச்சல் என்று எழுதினார்.

மறுவருஷ ஆகஸ்டிலிருந்து சலோமி மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

விடைபெறும் நேரத்தில் அவர்கள் “திரும்பி வருவேன்” என்பார்கள். சலோமி பிள்ளையின் பக்கம் குனிந்து, “அக்கா ஊருக்குப் போறாங்க. இனிமே வரமாட்டாங்க. நீ நல்லா சாப்புடணும், படிக்கணும்” என்பாள். பிள்ளை தலையாட்டும். தாங்கள் சொன்னதற்குத்தான் தலையாட்டுகிறது என்று அவர்கள் சந்தோஷமாக வேன் ஏறுவார்கள். அழுகை ஒரே நாளில் அடங்கியது. வேன் காய்ச்சலும் குறைந்தது. இல்லத்துத் தலைவி சிஸ்டர் இசபெல்லா, “இந்த வருஷம் புள்ளைங்க தேவல” என்றார்.

1977 நவம்பர்ப் புயல் பட்டினச்சேரியில் அடித்துவிட்டுப் போனபின் இல்லத்துக்கு வந்தவள் அல்லி. ஏழு வயசு. அப்பன், ஆத்தா, தம்பி மூன்று பேரையும் ஒரே காற்று கொண்டுபோய்விட்டது. வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் அவள் பேசவே இல்லை. காற்று சற்று வேகமாக அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அவளைப் பேச வைத்தவள் கொலெத். நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண். 1979இல் வந்தாள். அவள் போட்டோ எடுக்கவில்லை. பிள்ளைகளின் சொறிசிரங்கைக் கழுவி மருந்து தடவிக்கொண்டிருந்தாள். காற்றடித்த ஒரு மத்தியானம் அல்லி கட்டிலுக்கு அடியில் போனபோது, கொலெத்தும் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் இருவரும் வெளியே வந்தார்கள். “பசிக்குது” என்றாள் அல்லி.

கிளம்பும்போது கொலெத் நிதானமாகச் சொன்னாள். “படிப்பு முடிய இரண்டு வருஷம் ஆகும், மதாம். முடித்துவிட்டு இங்கேயே வேலை செய்ய வருவேன். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.”

சலோமி அவள் முகத்தைப் பார்த்தாள். மர்த்தீன் முகமும் இப்படித்தான் இருந்தது. அல்லியிடம் குனிந்து, “இனிமே வரமாட்டாங்க கண்ணு” என்றாள்.

கடிதங்கள் வந்தன. கொலெத் நிறுத்தவே இல்லை. சலோமிதான் படித்துச் சொல்ல வேண்டும். சுகம் விசாரித்ததை மட்டும் சொல்வாள். ‘வருகிறேன்’ என்று எழுதியிருக்கும் வரியைத் தாண்டிவிடுவாள். ஒன்றிரண்டு தரம் அந்த வரியில் நாக்கு நின்றது. அற்புதம் வேனுக்குள் குனிந்து தேடியது நினைவுக்கு வந்ததும், தாண்டிவிட்டாள்.

1981 வைகாசியில், மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கும் சிதம்பரநாதனும் அவர் மனைவி வடிவாம்பாளும் இல்லத்துக்கு வந்தார்கள். பட்டினத்துப் பூர்வீகம், பிள்ளையில்லை. கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண் வேண்டும், பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். சிஸ்டர் நம்பினார்.

“புள்ளைக்கு இஷ்டம்னா போகட்டும் சலோமி. நீங்களே கேளுங்க.”

அல்லி துணி துவைக்கும் கல்லருகே இருந்தாள். கேட்டதும், கையிலிருந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“கொலெத்தக்கா வருவாங்களா சலோமியம்மா? நெசமா சொல்லுங்க.”

“வரமாட்டாங்க.”

“அப்ப போறேன்.”

நாலு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பஸ்ஸிலிருந்து கொலெத் தனியாக இறங்கி நடந்து வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. “தேதி எழுதியிருந்தேனே, அல்லி எங்கே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தக் கடிதம் சலோமியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சலோமி சொன்னாள். அற்புதத்தைப் பற்றியும் சொன்னாள்.

“நான் வேறு ஆள், மதாம்” என்றாள் கொலெத். “அந்தப் பெண் செய்ததற்கு என்னை ஏன் தண்டித்தீர்கள்?”

“எனக்கு ஆள் தெரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறீர்கள்.”

“என்னைக்கூட விடுங்கள். அல்லியிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கு அவளுடையது.”

சலோமி டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாளே சிஸ்டரும் அவர்கள் இருவருமாக மெட்ராஸுக்குப் போனார்கள். மாம்பலத்து விலாசத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து சொன்னாள்: “அவங்க பம்பாய்க்கு மாத்தலாகிப் போயிட்டாங்களே. அந்தப் பொண்ணா? அது அதுக்கு முன்னாடியே இல்லீங்க. ஓடிப்போச்சுன்னு சொன்னாங்க. எங்களுக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடமா? அதெல்லாம் அனுப்பலீங்க.” கொஞ்சம் தயங்கி, “சூடு போட்ட தழும்பு இருந்துச்சு கையில” என்றும் சொன்னாள்.

சலோமி அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. தழும்பு உட்பட, விடாமல் சொன்னாள்.

போலீசில் எழுதிக்கொடுத்தார்கள். பம்பாய்க்கு எழுதினார்கள். அந்தத் தம்பதியைப் பற்றியும் தகவல் இல்லை, பிள்ளையைப் பற்றியும் இல்லை. கொலெத் ஒரு வருஷம் இல்லத்திலேயே இருந்து பிள்ளைகளைப் பார்த்தாள். மஞ்சள் காமாலை வந்து எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினாள். சிஸ்டர் இசபெல்லா அதன்பின் எந்தப் பிள்ளையையும் வீட்டு வேலைக்கு அனுப்பவில்லை. ஆகஸ்ட் குழு மட்டும் நிற்கவில்லை. சலோமியைத் தவிர மொழி தெரிந்தவர் இல்லாததால் அந்த வேலையும் அவளைவிட்டுப் போகவில்லை. அவர்கள் சொல்வதை இப்போது அப்படியே சொன்னாள். “வருவேங்கறாங்க” என்பாள். “நெசமாவா?” என்று பிள்ளைகள் கேட்டால், “அவங்க சொல்றதத்தான் நான் சொல்றேன். எனக்குத் தெரியாதும்மா” என்பாள். வேன் காய்ச்சல் பழையபடி வந்தது. ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒவ்வொரு கோடையிலும் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு மெட்ராஸ் போவாள். கோயில் வாசல், மார்க்கெட், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடி என்று நடந்து நடந்து கேட்பாள். அல்லிக்கு இப்போது பதினைந்து இருக்கும், பதினாறு இருக்கும் என்று வருஷத்துக்கு வருஷம் உயரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. முகம் எப்படி மாறியிருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

1988இல் மூட்டு வீங்கிவிட்டது. “போதும் சலோமி. இந்த வயசுல எங்கன்னு போயி தேடுவீங்க?” என்றார் சிஸ்டர்.

“போன வருசம் சைதாப்பேட்டை வரைக்கும்தான் பாத்தேன் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, காலுக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு, காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.