கிணற்றடிப் பெண்ணின் புருவம்

மாதா கோயிலைப் பெருக்கித் துடைக்கும் வாளியக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் வருவதைப் பார்த்தால் பாதிரியாரே பக்கத்து வாசல் வழியாக நழுவிவிடுவார். அப்பேர்ப்பட்டவள் பயந்தது ஒருத்திக்குத்தான். தெற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில், கிணற்றடியில் குடத்தோடு நிற்கிற பெண். இரண்டு புருவமும் நெரிந்து, பார்வை கடுகடுவென்று இருக்கும். தாமதமாக வந்தாலும் சரி, மூலையில் தூசியை விட்டுவிட்டாலும் சரி, அந்த முகத்திடம் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் வாளியக்கா வீட்டுக்குப் போவாள். பயம் இருந்ததே தவிர, பிரியத்துக்கும் குறைவில்லை. புருஷன் செத்துப்போன வருஷம் அவள் உட்கார்ந்து அழுததெல்லாம் அந்த ஜன்னலுக்குக் கீழேதான்.

பழைய ஜன்னல்களைச் சரிசெய்யக் கண்ணாடி வேலைக்காரர் ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வருகிற மனுஷன் அழுக்கு முகத்தையா பார்ப்பது? காய்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும் என்று பாதிரியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் காற்றோடு போயிற்று. வெந்நீரில் சோப்பைக் கரைத்து, மெழுகுவர்த்திப் புகை போக அழுத்தித் தேய்த்தாள். துணியை எடுத்துப் பார்த்தால், ஒரு புருவம் கறுப்பாக அதில் ஒட்டியிருந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் கல்யாணங்களையும் சாவுகளையும் பார்த்த முகம். வேலை போனால் போகட்டும், இந்த முகத்தை யார் திருப்பித் தருவார்? இருப்பதிலேயே உயரமான பூஜாடியை இழுத்து வந்து ஜன்னலை மறைத்து வைத்தாள்.

கண்ணாடி வேலைக்காரர் வந்ததும் முதல் காரியமாக அந்த ஜாடியைத்தான் நகர்த்தினார். டார்ச் அடித்து, புருவம் போன இடத்தையே உற்றுப் பார்த்தார். வாளியக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தான் தம்பி. வெந்நீர்ல தேச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை, கிட்டே கூப்பிட்டு, கறுப்பு போன இடத்தில் மங்கலாகத் தெரிந்த பழைய கோட்டைக் காட்டினார். முதலில் செய்தவர் கண்ணாடியில் கோடு போட்டுச் சூளையில் சுட்டிருக்கிறார். சுட்ட கோடு சோப்புக்கெல்லாம் அசையாது. பிறகு எப்போதோ ஜன்னல் விரிசல் விட்டிருக்கிறது. அதை ஈயப் பட்டை வைத்து ஒட்டிய ஆள், கோடு மங்கலாக இருக்கிறதே என்று மேலே சுடாமலே கறுப்புச் சாயத்தைத் தடவிவிட்டார். கனத்த கை போலிருக்கிறது, அந்தக் கறுப்பு ஈயப் பட்டையிலும் வழிந்திருந்தது.

"அந்தக் கறுப்பை எடுக்கத்தான் என்னையே கூப்பிட்டிருக்காங்க அக்கா. பாதிய நீங்களே முடிச்சிட்டீங்க. இனிமே மட்டும் வெந்நீர் வேண்டாம்."

வாளியக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்ததில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் ஈரப் பஞ்சை நீட்டி, இன்னொரு புருவத்தையும் அவளையே எடுக்கச் சொன்னார். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்ல ஒற்றி எடுத்தாள். இதன் அடியிலும் மெல்லிய கோடாக வேறொரு புருவம் இருந்தது. அது நெரியவே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம்.

"ஏண்டி, இத்தனை வருஷமா உனக்கு என்மேல கோபமே இல்லையா?"

கிளம்பும்போது மூலையில் தூசி இருந்ததைப் பார்த்தாள். நாளைக்கு ஆகட்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அவள் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை.