கறுப்புக் கதவில் ஒரு பள்ளம்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் உள்ளங்கை. டிங்கர் வேலை, அதாவது அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நேராக்குகிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு, தகரத்தின் மேல் ஒரு பழைய பனியன் துணியைப் போட்டு, அதன் மேல் வலது கையை மெல்ல ஓட்டுவார். எள்ளளவு மேடு பள்ளம் இருந்தாலும் கை அங்கே நின்றுவிடும். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பெயின்டர். எனக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது.

போதாக்குறைக்கு அவர் என் சகலை. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். பகலெல்லாம் பட்டறையில் அவர் புகழைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே குழாய் ஒழுகுவதற்கும் என் மனைவி அவரைத்தான் உதாரணம் காட்டுவாள். அக்கா வீட்டுக் குழாய் ஒழுகுவதே இல்லையாம். அப்புறம் எனக்குச் சோறு இறங்குமா?

ஆள் கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். டீ வந்தால் முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டுவார். அதைப் பார்த்தாலும் எனக்கு எரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மாவின் கார் வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய அமெரிக்க வண்டி, ஐம்பத்தேழாம் வருஷத்தது. பின்னால் மீன் மாதிரி இரண்டு துடுப்பு, முன்னால் பல்லை இளிக்கும் நிக்கல் கிரில், ஆறு பேர் தாராளமாக உட்கார இடம். முப்பது வருஷம் ஒரு மூலையில் கிடந்து துருவேறிப் போயிருந்தது. பட்டறைக்குள் தள்ளி நிறுத்தியும் வால் தெருவில்தான் நின்றது.

ஒன்றரை வருஷ வேலை. இன்ஜினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். அழுகிய தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் ஒட்டி, வளைவு வளைவாகத் தட்டி உருவாக்கியது உள்ளங்கை. டாக்டரம்மா சனிக்கிழமைதோறும் வருவார், நேராக அவரிடம் போவார். என்னிடம் ஒரே கேள்விதான்: பெயின்ட் காய எத்தனை நாள் ஆகும்? ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். வண்டிக்கு ஆடைதான் முக்கால். அந்தம்மாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கறுப்புதான் வேண்டும் என்றார். கறுப்பு பொல்லாத நிறம். தகரத்தில் சின்ன அலை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமரை அடித்த பிறகு அதன் மேல் கறுப்பை லேசாகத் தூவி, உப்புத்தாளால் தேய்ப்பேன். மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவேன், அவர் வந்து தட்டுவார்.

இந்த வண்டியில் என்றைக்கும் இல்லாத அளவு வட்டங்கள் விழுந்தன. தட்டி முடித்ததும், கையை ஓட்டிப் பார்த்தும் பாராமலும், "பாத்துச் சொல்லு சகலை" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆள் பெரிய மனுஷனாகிவிட்டார், தன் வேலையையும் என் தலையில் கட்டுகிறார் என்று கறுவிக்கொண்டேன்.

கடைசியாக மிஞ்சியது டிரைவர் பக்கக் கதவு. தேய்த்துக்கொண்டே வந்தேன். கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாஸர் அகலத்துக்குக் கறுப்பு நின்றது. சாக்பீஸை எடுத்தேன். நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். வண்டியை எடுக்க வரும் அன்று, பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வரப்போவதாக உள்ளங்கையிடம் சொன்னார். உங்கள் கை வேலையைக் காட்டத்தான் கூட்டி வருகிறேன், பிடித்துவிட்டால் அவர்கள் வண்டிகளும் உங்களிடம்தான் வரும் என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

சாக்பீஸைப் பையில் போட்டேன். அந்தக் கறுப்பின் மேல் இன்னொரு கோட் பிரைமர் அடித்து மூடினேன். ஒரே ஒரு தடவை அந்தக் கை தப்பு செய்யட்டும், அதை நாலு பேர் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. டாக்டரம்மா போனதும் அவர் வந்து கதவு ஆச்சா என்று கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்றேன். தடவிக்கூடப் பார்க்காமல் போனார்.

வண்டி எடுக்கும் நாள் வந்தது. கறுப்பு அடித்து, பாலிஷ் போட்டு, முகம் பார்க்கலாம் போல நின்றது கார். நண்பர்கள் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டாக்டரம்மா குனிந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளம் தேடுவதுதானே அவருக்கும் தொழில்? மேலே எரிந்த டியூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓடிவந்து, டிரைவர் கதவில் வளைந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளங்கை வந்து வலது கையால் தடவினார். மறுபடி தடவினார். பிறகு இடது கையால். எனக்கு இனித்திருக்க வேண்டிய நேரம். இனிக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "இந்த வண்டி வரதுக்கு முன்னாடியே இந்தக் கை மரத்துப் போச்சு. வீட்டுல கூடச் சொல்லல. சகலை கண்ணு இருக்கிற தைரியத்துலதான் இந்த வண்டியத் தொட்டேன். அவன் கண்ணுக்கே தப்பியிருக்குன்னா பிரைமர்ல அது தெரிஞ்சிருக்காது. அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

நாலு பேர் முன்னால் இப்படி ஒரு வார்த்தை வராதா என்று இருபத்திரண்டு வருஷம் ஏங்கியவன் நான்.

"தப்பல," என்றேன். "பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடினேன்."

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. சகலைக்கு விளங்கியது. என்னைப் பார்த்தார், வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார், டாக்டரம்மாவிடம் இன்னும் பத்து நாள் கேட்டார். வந்த நண்பர்கள் தங்கள் வண்டிகளைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கிளம்பினார்கள்.

மறுநாள் அந்தக் கதவின் பெயின்டை நானே சுரண்டி எடுத்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவர் தட்டினார். இன்னும் கொஞ்சம், போதும், மேலே என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சில்லை. பத்தாம் நாள் கார் போயிற்று. கதவில் டியூப் லைட் கோடு நேராக ஓடியது. தெருவே நின்று பார்த்தது. இன்றைக்கும் அது உள்ளங்கை செய்த கார்தான்.

அன்று டீ வந்தது. முதல் டம்ளரை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். அதிலிருந்து அப்படித்தான். இப்போது மெக்கானிக்கைக் கண்டாலே எனக்கு ஆவதில்லை.